மார்த்தாவைப் புளி போட்டு விளக்கிய வழக்கு

நஞ்சுண்டன் தன் வாழ்நாளில் ஒரு முறைகூடத் துப்பாக்கி சுட்டதில்லை. ஆனால் 1999 அக்டோபர் பதினெட்டாம் தேதி மாலை ஆறு மணிக்கு, டெக்சாஸ் மாநிலம் ஆலன் நகரில், தன் வீட்டு பாத் டப்பில் ஒரு துப்பாக்கியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான்.

அன்று ஆயுத பூஜை. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி வைத்திருந்தவர் மகனுக்கு ஆயுத பூஜை என்றால் கை சும்மா இருக்காது. அமெரிக்கா வந்த ஆறு வருஷமாக ஒரு ஸ்க்ரூடிரைவர் செட்டையும் லேப்டாப்பையும் வைத்துக் கும்பிட்டு ஒப்பேற்றியிருந்தான். இந்த வருஷம்தான் வீட்டில் அசல் ஆயுதமே இருந்தது. அதை அழுக்கோடு சரஸ்வதி முன்னால் வைக்க எந்தத் திருச்செங்கோட்டானுக்கும் மனசு வராது.

பக்கத்து ஊரான ரிச்சர்ட்சனில் இருந்த இந்தியக் கடைக்குப் பொரியும் பூவும் வாங்கக் கிளம்பிய அவன் மனைவி கண்மணி, கார் சாவியை எடுக்கும்போதே சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"ஏனுங்க, அது அடுத்தவங்க சாமான். துணியில தொடச்சு ஒரு பொட்டு வெச்சாப் போதும். வேற ஒண்ணும் பண்ணிப்போடாதீங்க."

"சரி, சரி," என்றான் நஞ்சுண்டன்.

அவள் கார் தெருமுனை திரும்பியதும், எலுமிச்சையளவு புளி, ஒரு கை கல்லுப்பு, பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் ஆகியவற்றோடு பாத்ரூமுக்குள் நுழைந்தான். முக்கால் மணி நேரம் தேய்த்தான். நூற்று முப்பத்தாறு வருஷத்துப் பழுப்பு நிறம் டப்பின் ஓட்டை வழியாகச் சுழன்று சுழன்று இறங்கிப் போயிற்று.

திரும்பி வந்த கண்மணி பொரிப் பையோடு அப்படியே நின்றாள். "என்னங்க இது, கலியாணச் சீர் மாதிரி மின்னுது?"

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

அந்தத் துப்பாக்கியின் பெயர் மார்த்தா. உரிமையாளர், வட டெக்சாஸ் தொன்மை ஆயுதச் சேகரிப்பாளர் நலச் சங்கம். நாற்பத்தொரு உறுப்பினர்கள். சங்கத்துக்கு இரண்டு வேலை. ஒன்று, பழைய துப்பாக்கி, வாள், தொப்பி, பித்தான் எல்லாம் சேர்ப்பது. இரண்டு, சேர்ப்பவர்களுக்கு உலகம் இழைக்கும் அநீதிகளை உலகத்துக்கே எடுத்துச் சொல்வது. 1899-க்கு முன்னால் செய்த துப்பாக்கி, சட்டத்தின் கண்ணில் துப்பாக்கியே அல்ல. ஆகவே கூட்டத்தின் முதல் பாதியில் எங்களிடம் இருப்பவை துப்பாக்கிகளே அல்ல என்று தீர்மானம் போடுவார்கள். இரண்டாம் பாதியில் அவை எப்பேர்ப்பட்ட துப்பாக்கிகள் என்று சொல்லிக் கண் கலங்குவார்கள்.

தலைவர் கர்னல் ப்ரிட்சர்ட். முப்பது வருஷம் மெத்தைக் கடை நடத்தியவர். கர்னல் பட்டத்தை 1984-ல் சங்கமே ஒரு தீர்மானத்தின் மூலம் வழங்கியது. எதிர்த்து யாரும் சுடவில்லை.

செயலாளர் டக். நஞ்சுண்டன் வேலை பார்த்த கம்பெனியில் அவனுக்கு மேனேஜர். கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. நஞ்சுண்டனின் கிரீன் கார்டு விண்ணப்பம் பதினாலு மாசமாக டக்கின் மேஜையில், அவர் கையெழுத்துக்காக, ஒரு காபிக் குவளைக்கு அடியில் காத்துக் கிடந்தது. ஒரு நாள் டக், "நஞ், உனக்கு வரலாறு பிடிக்குமா?" என்று கேட்டார். விண்ணப்பம் குவளைக்கடியில் கிடக்கிறவனுக்கு எதுதான் பிடிக்காது? மறுவாரமே உறுப்பினரானான்.

மார்த்தா சங்கத்தின் குலதெய்வம். 1863-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஒரு களத்தில் முழங்கியதாக லெட்டர்ஹெட்டிலேயே அச்சடித்திருந்தார்கள். சேகரிப்பாளர்களுக்காக வாதாட மாநிலத் தலைநகர் ஆஸ்டினுக்கு இதுவரை பதினோரு முறை போய்வந்தவள். மாதம் ஒரு உறுப்பினர் வீட்டில் தங்குவாள். அக்டோபர், நஞ்சுண்டன் முறை. வெள்ளைக் கையுறை இல்லாமல் தொடக்கூடாது, தண்ணீர் படக்கூடாது, அந்தப் பழுப்பு நிறத்தை உயிரினும் மேலாகக் காக்கவேண்டும் என்று அறுபத்துநாலு பக்க விதிப்புத்தகத்தில் பதினேழு இடத்தில் இருந்தது. நஞ்சுண்டன் அதைப் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டிருந்தான். அமெரிக்காவில் எந்தக் காகிதத்தை அவன் படித்துக் கையெழுத்துப் போட்டான், இதைப் படிக்க?

புதன்கிழமை காலை டக் மாதச் சோதனைக்கு வந்தார். ஹாலில், சரஸ்வதி படத்துக்கு முன்னால், சந்தனமும் குங்குமமும் வைத்து, கழுத்தில் மல்லிகைச் சரத்தோடு, மார்த்தா பளபளவென்று சாய்ந்திருந்தாள்.

டக் செருப்பு ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"யார் செய்தது இதை?"

மாடியில் கண்மணி மகள் வெண்பாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். "ஆவ், மாம்," என்ற குரல் கேட்டது. நஞ்சுண்டனின் கண்ணுக்குள் ஒரு காபிக் குவளையும் அதன் அடியில் வட்டக் கறை விழுந்த ஒரு காகிதமும் வந்து நின்றன. நல்லவன்தான். பொய் பேசிப் பழக்கமில்லாதவன்தான். பழக்கமில்லாத கைக்கு எது முதலில் அகப்படுகிறதோ அதைத்தானே எடுக்கும்?

"என் மனைவி," என்றான்.

டக் நீளமாக மூச்சு விட்டார். அந்த மூச்சில் ஒரு நிம்மதி இருந்ததை அன்றைக்கு நஞ்சுண்டன் கவனிக்கவில்லை. எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். "புரிகிறது, நண்பா," என்றார்.

வெள்ளிக்கிழமை மாலையே அவசரக் கூட்டம். ஒரு பான்கேக் கடையின் பின்கூடம். மார்த்தாவுக்குக் கறுப்பு ரிப்பன் கட்டி மேஜையில் படுக்க வைத்திருந்தார்கள். அகன்றுபோன பழுப்புக்காக எல்லோரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனம் காத்தார்கள். பக்கத்துக் கூடத்தில் யாருக்கோ பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள். அது முடியும்வரை மௌனத்தை நீட்டிக்கும்படி கர்னல் கை காட்டினார்.

"சகோதரர்களே," என்று ஆரம்பித்தார். "இருபத்திரண்டு வருஷமாக நாம் அரசாங்கத்திடமிருந்து மார்த்தாவைக் காப்பாற்றினோம். அரசாங்கம் அவளைத் தொட்டதே இல்லை. தொட வேண்டும் என்று கேட்டதும் இல்லை. ஆனாலும் காப்பாற்றினோம். இன்றைக்கு எதிரி சமையலறை வழியாக வந்திருக்கிறான். மன்னிக்கவும். வந்திருக்கிறாள்."

கைதட்டல். ஐந்து பேர் கொண்ட பழுப்பிழப்பு விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. நஞ்சுண்டனைப் பாதிக்கப்பட்டவர் என்ற வகையில் அதில் ஒரு உறுப்பினராகவும் போட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை கமிஷன் அவன் வீட்டுக்கு நேரில் வந்தது. கோட்டு, டை, வெள்ளைக் கையுறை. கர்னல் கையில் ஒரு ஜிப்லாக் பை.

"யாருங்க இவங்கெல்லாம்?" என்று கண்மணி சமையலறையில் கிசுகிசுத்தாள்.

"ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ். நம்ம பூஜை, சம்பிரதாயம் எல்லாம் தெரிஞ்சுக்கணுமாம்."

"அட, அப்படீங்களா? முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு கேசரி கிண்டியிருப்பனே."

வாழைக்காய் பஜ்ஜி போட்டாள். கமிஷன் ஆளுக்கு நாலு சாப்பிட்டது. பிறகு கர்னல் நாப்கினால் வாயைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அம்மணி, உலோகத்தை நீங்கள் எப்படிச் சுத்தம் செய்வீர்கள்?" என்று கேட்டார்.

இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷத்தில் அவளிடம் ஒருத்தரும் எதையும் விளக்கிச் சொல்லச் சொன்னதில்லை. கண்மணி முகம் மலர்ந்தது. புளியைக் கொண்டுவந்து காட்டினாள். எத்தனை நேரம் ஊற வேண்டும், உப்பு எப்போது சேர்க்க வேண்டும், எந்தப் பக்கமாகத் தேய்த்தால் பளபளப்பு வரும், எல்லாவற்றையும் தன் கல்யாணக் குத்துவிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமான ஆங்கிலத்தில் சொன்னாள். "எவ்வளவு கறுத்திருந்தாலும் போய்விடும். ஒரு துளிகூட மிஞ்சாது," என்று முடித்தாள்.

டக் எழுதிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நஞ்சுண்டனுக்கு அது நன்றாகத் தெரிந்தது. *வருத்தத்தின் சாயல் எதுவும் இல்லை. பெருமிதம் காணப்பட்டது.*

கர்னல் புளியை ஜிப்லாக் பையில் போட்டு மூடினார். வீட்டுக்கு எடுத்துப்போகிறார் என்று நினைத்து, கண்மணி இன்னொரு உருண்டையும் எடுத்துக் கொடுத்தாள்.

"நல்ல மனுஷங்க," என்றாள், அவர்கள் போன பிறகு. "அந்தப் பெரியவரு கண்ணு கலங்கிட்டாரு பாத்தீங்களா?"

நஞ்சுண்டன் பஜ்ஜித் தட்டை எடுத்துக் கழுவினான். கழுவிய தட்டையே மறுபடி கழுவினான். இப்போது சொல்லிவிடலாம். தட்டை வைத்துவிட்டுச் சொல்லிவிடலாம். தட்டைத் துடைத்து அலமாரியில் அடுக்கினான். கண்மணி டிவி பார்க்கப் போய்விட்டாள்.

நவம்பர் முதல் வாரம், கமிஷன் பூதக்கண்ணாடியோடு மார்த்தாவைப் பரிசோதித்தது. கம்பி நார் ஆழமாகத்தான் வேலை செய்திருந்தது. குழாயின் அடிப்பக்கத்தில், இத்தனை காலமும் பழுப்புக்குள் பதுங்கியிருந்த குட்டி எழுத்துகள் தெரிந்தன. டக் வாய்விட்டு வாசித்தார்.

"மேட் இன் இத்தாலி. 1963."

உள்நாட்டுப் போரில் முழங்கிய மார்த்தா, அது முடிந்து தொண்ணூற்றெட்டு வருஷம் கழித்து, தபால் வழி விற்கும் நகலாக இத்தாலியில் பிறந்திருந்தாள். இருபத்திரண்டு வருஷ வரலாறு, பதினோரு ஆஸ்டின் பயணம், ஒரு லெட்டர்ஹெட் எல்லாம் அந்த ஆறடி மேஜை மேல் கிடந்தன.

கர்னல் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். மெத்தை விற்ற மனுஷன். பள்ளம் விழுந்த இடத்தில் எப்படிப் படுப்பது என்று அவருக்குத் தெரியும்.

"டக், துப்பாக்கியை விளக்குவதற்கு முன் இந்த எழுத்து இருந்ததா?"

"யாரும் பார்த்ததில்லை, கர்னல்."

"விளக்கிய பிறகு?"

"இருக்கிறது."

"ஆக, விளக்கியதால்தான் வந்திருக்கிறது." நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தார். "இந்தச் சங்கம் எந்த உண்மைக்கும் அஞ்சியதில்லை. ஏனென்றால் எந்த உண்மையையும் முறையான முன்னறிவிப்பு இல்லாமல் நாம் உள்ளே விட்டதே இல்லை. அக்டோபர் பதினெட்டு மாலை வரை மார்த்தா அசல். அதன் பிறகு போலி. நடுவில் நடந்தது என்ன? திருமதி நஞ்சுண்டன்."

தீர்மானம் வாசிக்கப்பட்டது. 1863-ம் ஆண்டின் அசல் துப்பாக்கி ஒன்றைப் புளியால் 1963-ம் ஆண்டின் இத்தாலியத் துப்பாக்கியாக மாற்றிய குற்றத்துக்காகத் திருமதி கண்மணி கண்டிக்கப்படுகிறார். உறுப்பினர்களின் மனைவியர் இனிமேல் சேகரிப்புப் பொருள்களுக்கு ஆறடி தூரத்துக்குள் வரலாகாது. நாலு மணி நேரப் பயிற்சி வகுப்பு முடித்துச் சான்றிதழ் பெறவேண்டும். புளிப் பொட்டலங்களில் எச்சரிக்கை வாசகம் அச்சிடக் கோரி ஆஸ்டினுக்கு மனுப் போடவேண்டும்.

"ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்."

நாலு கைகள் உயர்ந்தன. டக் நஞ்சுண்டனைத் திரும்பிப் பார்த்தார். ஆபீசில் திங்கட்கிழமை காலை பார்ப்பது மாதிரியே பார்த்தார். ஐந்தாவது கையும் உயர்ந்தது. அது தன்னுடையதுதான் என்று நஞ்சுண்டனுக்குத் தெரிய இரண்டு வினாடி பிடித்தது.

ரிஜிஸ்டர் தபால் வந்தது கண்மணி பெயருக்கு.

சனிக்கிழமை மத்தியானம். வெண்பா தோழி வீட்டுப் பிறந்தநாளுக்குப் போயிருந்தாள். நஞ்சுண்டன் புல் வெட்டிவிட்டு உள்ளே வந்தபோது, கண்மணி சமையலறை மேஜையில் உறையைப் பிரித்து வைத்து உட்கார்ந்திருந்தாள். குக்கர் நாலு விசில் தாண்டிக் கத்திக்கொண்டிருந்தது. அவள் அணைக்கவில்லை.

"ஏனுங்க."

"ம்."

"'யுவர் வில்ஃபுல் ஆக்ட்'ன்னு போட்டிருக்குது, நான் வேணும்னே செஞ்சதாம். என்ன ஆக்ட்டு அது?"

அவன் அடுப்பை அணைத்தான். ஆவி அடங்கும்வரை குக்கர் பக்கத்திலேயே நின்றான். பிறகு சொன்னான். செருப்பு ஸ்டாண்டிலிருந்து ஆரம்பித்து ஐந்தாவது கை வரைக்கும் சொன்னான். கண்மணி குறுக்கே பேசவில்லை. குறுக்கே பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ரெசிப்பி எழுதிக்கறாங்கன்னு நெனச்சேன்," என்றாள், எல்லாம் முடிந்த பிறகு. "அந்தப் பெரியவருக்கு ரெண்டாவது உருண்டை வேற எடுத்துக் குடுத்தேன்."

"கண்மணி, கிரீன் கார்டு பேப்பர் அவன் கையில..."

"தெரியுது. நானும் இந்த வீட்லதான் இருக்கறேன்." கடிதத்தை மடித்தாள். "நீங்கதான் பண்ணினீங்கன்னு உண்மையச் சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"வேலைய விட்டு அனுப்பியிருப்பான்."

"அனுப்புனா ஊருக்குப் போயிருப்போம். உங்கப்பாகிட்ட நாலு திட்டு வாங்கியிருப்பீங்க. நீங்க வாங்கியிருப்பீங்க. நானில்ல."

அவன் பேன்ட்டில் ஒட்டியிருந்த புல்லைக் கிள்ளிக் கிள்ளி எடுத்தான்.

"இருபதாம் தேதி வருஷக் கூட்டத்துக்கு நேர்ல வந்து, சேத ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடணுமாம். வர்றேன்னு பதில் போடுங்க."

"நீ வர வேண்டாம் கண்மணி. நான் பேசி..."

"நீங்க பேசறதப் பாக்கத்தான் வர்றேன்."

வருஷக் கூட்டத்துக்கு மட்டும் மனைவியருக்கு அனுமதி உண்டு. காபி போடவும் கேக் வெட்டவும் ஆள் வேண்டுமே. பின்கூடத்தின் ஒரு ஓரத்தில் பதினைந்து இருபது பெண்கள், தரையில் ஒட்டியிருந்த ஆறடி எல்லை டேப்புக்கு அந்தப்பக்கம், கப்பும் தட்டுமாக நின்றுகொண்டிருந்தார்கள். கண்மணி பட்டுச்சேலை கட்டி வந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் ஆண்கள் பார்வையைத் தாழ்த்தினார்கள். இத்தாலி பற்றி ஒருத்தரும் பேசவில்லை.

தீர்மானம் வாசித்து முடிந்ததும் நஞ்சுண்டன் எழுந்தான். முன்வரிசையில் டக்.

"தலைவர் அவர்களே, ஒரு திருத்தம். அது என் மனைவி செய்ததில்லை. நான் செய்தேன். தொடாதே என்று அவள் சொல்லிவிட்டுப் போனாள். நான் உங்களிடம் பொய் சொன்னேன்."

கர்னல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உறுப்பினரின் உணர்ச்சியை மதிக்கிறேன். மனைவிக்காகப் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்ளும் ஆண்மகனைச் சங்கம் எப்போதும் போற்றும்."

கைதட்டினார்கள். இரண்டு பேர் எழுந்து நின்றுகூடத் தட்டினார்கள்.

"இல்லை, கர்னல். நிஜமாகவே நான்தான்..."

"மகனே, இது நிஜமாகவே இருந்தாலும், தீர்மானம் நிறைவேறிவிட்டது. உண்மை என்பது தீர்மானத்துக்கு முன் வந்திருக்க வேண்டும். இப்போது வந்தால் அது ஒழுங்குப் பிரச்சினை. தொண்ணூறு நாளைக்கு முன் எழுத்துமூலம் கொடுத்து, இன்னொரு உறுப்பினர் வழிமொழிய வேண்டும். யாராவது வழிமொழிகிறீர்களா?"

முப்பத்தெட்டுப் பேரும் கூரையைப் பார்த்தார்கள். டக் மட்டும் தன் ஷூவைப் பார்த்தார்.

"திருமதி நஞ்சுண்டன், தயவுசெய்து."

கண்மணி எல்லை டேப்பைத் தாண்டி வந்தாள். சேத ரிஜிஸ்டர் கல்யாண ஆல்பம் கனத்தில் தோல் அட்டையோடு இருந்தது. டக் கடைசிப் பக்கத்தைத் திறந்து பேனாவை நீட்டினார்.

பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடவில்லை. எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று படித்துப் பார்த்துவிட்டுப் போடுகிற பழக்கம் அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் உண்டு. முந்தின பக்கத்தைப் புரட்டினாள். அதற்கும் முந்தினதைப் புரட்டினாள். முதல் பக்கம் வரைக்கும் போனாள்.

"அம்மணி, அது தேவையில்லை," என்றார் கர்னல்.

அவள் வாசிக்க ஆரம்பித்தாள். குத்துவிளக்கைப் பற்றிச் சொன்ன அதே நிதானமான ஆங்கிலம்.

"1979. துப்பாக்கி முனையில் மாட்டும் ஈட்டி, நுனி முறிந்தது. பெயின்ட் டப்பா மூடியைத் திறக்கப் பயன்படுத்தியவர், மார்ஜரி ப்ரிட்சர்ட்."

காபி மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற வெள்ளைத் தலை அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். அவர்தான் கர்னலின் மனைவி.

"1983. தோல் பை, மழையில் ஊறியது. வெளியே மறந்து வைத்தவர், லிண்டா மேயர்ஸ். 1988. போர்த் தொப்பி, நசுங்கியது. காரைப் பின்னால் எடுத்தவர், ஷெர்ரி..." கண்மணி நிமிர்ந்து டக்கைப் பார்த்தாள்.

"டக்," என்று கேக் மேஜையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "எண்பத்தெட்டில் எனக்கு லைசென்ஸே கிடையாது."

கண்மணி நிறுத்தவில்லை. வாள் உறை, மனைவி. பித்தான் பெட்டி, மனைவி. இரண்டு கொடி, ஒரு கொம்பு, ஒரு ஜோடி பூட்ஸ், மனைவி, மனைவி, மனைவி. ஒவ்வொரு பெயர் வரும்போதும் அந்த ஓரத்தில் ஒரு தட்டு மேஜை மேல் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"இருபத்திரண்டு வருஷம்," என்றாள் கண்மணி கடைசியில். "இங்கே ஒரு ஆம்பளை கையிலிருந்தும் எதுவும் கீழே விழுந்ததில்லை."

மார்ஜரி ப்ரிட்சர்ட் காபி மெஷினின் சுவிட்சை அணைத்தார்.

நஞ்சுண்டனுக்கு ஒரு கணம் உடம்பு லேசானது. நான் மட்டுமில்லை, எல்லோரும்தான். நாற்பத்தொரு பேரில் ஒருத்தனாக இருப்பதில் அவனுக்குச் சந்தோஷம் வந்திருந்தது. அதைக் கண்மணி பார்த்துவிட்டாள்.

பேனாவை அவன் கையில் கொடுத்தாள். தமிழில், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"வழிமொழிய ஆள் வேணுமான்னு கேட்டுட்டு எழுதுவீங்களா, இல்ல நீங்களே எழுதுவீங்களா?"

டக் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். நஞ்சுண்டன் குனிந்தான். கடைசி வரியில் கண்மணி என்ற பெயரை அடித்தான். பக்கத்தில் தன் பெயரை, அப்பா பெயரின் முதலெழுத்தோடு முழுசாக எழுதினான். பதிவேட்டைத் திருத்துவது விதிமீறல் என்று யாராவது சொல்லவேண்டும். எல்லோரும் கர்னலைப் பார்த்தார்கள். கர்னல் தன் மனைவி கோட்டை எடுத்து மாட்டிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுதி முடித்து நிமிர்ந்தபோது கண்மணி பக்கத்தில் இல்லை. சரியாக எழுதினானா என்று பார்க்கக்கூட அவள் நிற்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்தான். பார்க்கிங் லாட்டில் அவர்கள் கார் டிரைவர் சீட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் காத்திருப்பாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. பேனாவை மூடாமலே வைத்துவிட்டு ஓடினான்.